மழைக்கு அசராத ஸ்கோப் என்று நம்பவைத்து ஒரு மாதச் சம்பளத்தைப் பறித்துவிட்டார்கள் – எச்சரிக்கை

ரைஃபிள் சுடும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஸ்கோப் (குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி) வாங்குங்கள். துப்பாக்கி உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் என் ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொட்டுகிற மழையிலும் குறி தெரிய வேண்டும். கடைக்காரர் பெட்டியின்மேல் ஐபிஎக்ஸ்7 என்று இருந்ததைத் தொட்டுக் காட்டினார். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது என்று அதற்கு அர்த்தம். "உள்ளே நைட்ரஜன் அடைச்சிருக்கு சார். ஈரக்காத்தே கிடையாது, அப்புறம் எப்படிப் பனி மூடும்?" என்றார். அதோடு நிற்கவில்லை. மேசைமேல் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஸ்கோப்பை முக்கி எடுத்து, துணியால் துடைத்து என் கையில் வைத்தார். கண்ணில் வைத்துப் பார்த்தேன். குறுக்குக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

முதல் மழைப் போட்டியிலேயே குட்டு வெளிப்பட்டது. மழையில் ஸ்கோப்பின் குழாய் குளிர்ந்ததும், கண்பக்கத்து லென்ஸின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெண்படலம் கிளம்பியது. துடைத்தேன், போகவில்லை. அது உள்பக்கம். ஒவ்வொரு சுடலுக்கும் இடையே அந்தப் பிறை நடுவை நோக்கி நகர்ந்தது. கடைசியில் இலக்கின் கருவட்டமே சாம்பல் கறையாகிவிட்டது. அதற்குமேல் எதைக் குறிபார்ப்பது?

கடைக்குப் போனால் தட்டிக்கழிப்புதான். முதலில், "உங்க மூச்சுக்காத்து பட்டிருக்கும் சார்" என்றார்கள். மூச்சு பட்டால் வெளியேதானே படியும்? அடுத்து, குறி தவறியதற்கு, "ஈரக்காத்து கனமா இருக்கும், குண்டு தாழ்ந்துதான் போகும்" என்றார்கள். துப்பாக்கி விற்கிற இடத்தில் இதைச் சொல்லலாமா? காற்றில் பெரும்பங்கு இருக்கும் நைட்ரஜனின் மூலக்கூறு எடை 28, ஆக்சிஜனுடையது 32, நீராவிக்கு வெறும் 18. வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால் ஈரக்காற்றுதான் லேசானது. அந்த வித்தியாசமும் 100 மீட்டரில் கண்ணுக்கே தெரியாது. மழைத்துளி குண்டைத் தள்ளியிருக்கும் என்று இன்னொருவர் கிளம்பினார். என் ரைஃபிளின் குண்டு அந்த 100 மீட்டரைக் கடக்கக் கால் நொடிகூட ஆகாது. வழியில் துளி குறுக்கிடுவதே அபூர்வம்.

மழை சுடுவதைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. தோட்டா நனைந்தால் அதன் உறை, தோட்டா உட்காரும் அறையின் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, பின்னால் அந்த அறையை அடைத்திருக்கும் போல்ட்டில் மோதும், குண்டு வழக்கத்தைவிட மேலே ஏறக்கூடும். துப்பாக்கியின் மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை அழுத்தினால் குறி நகரும். தோல் வார் ஊறினால் நீளும். ஆனால் என் தோட்டாக்கள் மூடிய பெட்டியில் இருந்தன. என் ரைஃபிளின் கட்டை மரமே இல்லை, குழலையும் அது தொடாது. அதே மழையில், அதே ரைஃபிளில் என் பழைய ஸ்கோப்பை மாட்டிக் குறியைச் சரிசெய்து சுட்டேன். குண்டுகள் ஒரே கொத்தாக விழுந்தன. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வயிறு எரிந்தது கடைசிப் பதிலில்தான். வாரண்டி அட்டையைப் புரட்டி, பின்பக்கத்தில் எறும்பு மாதிரி இருந்த வரியைக் காட்டினார்கள்: "தண்ணீரால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை." தண்ணீர் புகாது என்று சொல்லித்தானே ஒரு மாதச் சம்பளத்தை வாங்கினீர்கள்! வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்பக்கத்து வளையத்தின் வெட்டுகளில் கருவி வழுக்கிய கீறல்கள். நான் அதைத் திறந்ததே இல்லை. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கழற்றினால் நைட்ரஜன் போய்விடும், திரும்ப அடைத்தால்தான் உண்டு. அதைக் கேட்டதும் "ஓனர் வந்ததும் பேசுங்க" என்று விட்டார்கள். இப்போது போனையும் எடுப்பதில்லை. ஒரு மாதச் சம்பளம்!

விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் கோர்வையாக வரவில்லை. அவசரத்துக்குச் சில. குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் காட்டுவதை நம்பாதீர்கள். கை பொறுக்கும் வெந்நீரில் முக்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் வாயு விரியும், கசிவு இருந்தால் குமிழி வரிசையாகக் கிளம்பும். வளையங்களில் கீறல் இருக்கிறதா பாருங்கள். ரசீதில் "தண்ணீர் புகாது" என்று கையால் எழுதி வாங்குங்கள். அப்புறம், பணத்தை நீட்டுவதற்கு முன்னால் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.