செயின் கழல்கிறதா? டியூனிங்கா, பிடிப்பானா, ஒற்றைச் செயின்ரிங்கா?

சைக்கிள் செயின் அடிக்கடி கழன்றால் பினாங்கில் யாரைக் கேட்டாலும் மூன்றில் ஒரு யோசனை வரும். கியரை டியூன் செய்யுங்கள். செயின் பிடிப்பான் போடுங்கள். முன்னால் பெடலோடு சுழலும் பல்சக்கரமான செயின்ரிங் இரட்டையாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றைக்கு மாறுங்கள். மூன்றும் நல்ல யோசனைதான். உங்கள் வண்டிக்கு எது தேவை என்பதைச் செயின் விழுந்த இடமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கழன்றவுடன் அவசரமாக மாட்டாமல் முதலில் குனிந்து பாருங்கள். முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா? ஃபிரேம் பக்கமா, பெடல் பக்கமா, ஸ்போக் பக்கமா? அப்போது எந்தக் கியரில் இருந்தது?

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செயின் கீழே விழாமல், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பல் தாவினால் அது தேய்மானம். 24 கண்ணிகளை ஆணி மையத்திலிருந்து ஆணி மையம் வரை அளந்தால் புதுச் செயின் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 307ஐத் தொட்டுவிட்டால் பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டில் 10 கியர் வரை இருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 11, 12 கியர் வண்டிகளுக்கு 306.3லேயே மாற்றிவிடுவது நல்லது. புதுச் செயின் போட்ட பிறகும் தாவினால் கேசட்டின் பற்களும் தேய்ந்துவிட்டன. இந்தக் கோளாறுக்குப் பிடிப்பான் வாங்குவது வீண் செலவு.

இப்போது டியூனிங். செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுவதும் இதைத்தான்.

தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடு தொடங்கியதும் பெரிய ரிங்கிலிருந்து சின்னதுக்குத் தட்டுகிறோம், கால் அழுத்தத்தையும் குறைப்பதில்லை. செயின் சின்ன ரிங்கைத் தாண்டி ஃபிரேம் பக்கம் விழுகிறது. இப்படி விழுந்தால் பார்க்க வேண்டியது முன் டெரெய்லியரின் (செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) ‘எல்’ ஸ்க்ரூ; அது உள்பக்க நகர்வின் எல்லையைக் கட்டுப்படுத்தும். செயினை முன்னால் சின்ன ரிங்கிலும் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் வையுங்கள். கேபிள் இழுபடாமல் தளர்வாக இருக்கட்டும். டெரெய்லியர் கூண்டின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் செயின் சின்ன ரிங்குக்கு இறங்கவே இறங்காது. கூண்டின் வெளித்தகடு பெரிய ரிங்கின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில், ரிங்குக்கு இணையாக நிற்க வேண்டும். இந்த உயரம் தவறியிருந்தால் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பியும் பயனில்லை. பெடல் பக்கம் விழுந்தால் அது வெளிப்பக்க எல்லையைக் கட்டுப்படுத்தும் ‘எச்’ ஸ்க்ரூவின் வேலை.

பின்னால் ஸ்போக் பக்கம் விழுவது இவற்றைவிட ஆபத்தானது. பின் டெரெய்லியரே ஸ்போக்குக்குள் போய்ச் சிக்கினால் சக்கரமும் போகும், டெரெய்லியரும் போகும். இங்கேயும் பார்க்க வேண்டியது ‘எல்’ ஸ்க்ரூதான், பின் டெரெய்லியரில் உள்ளது. ஆனால் அதைத் தொடுமுன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, டெரெய்லியரை ஃபிரேமோடு இணைக்கும் துண்டான ஹேங்கரைப் பாருங்கள். டெரெய்லியரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் கேசட்டோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. வண்டி வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்தாலே இது நடக்கும்; வேனில் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் நடக்கும். வளைந்த ஹேங்கரை விட்டுவிட்டு ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் ஒரு கியர் சரியாகும், நாலு கியர் கரகரக்கும். கடையில் நீட்டுக் கருவியை மாட்டி, ரிம்மில் நாலு இடத்தில் அளந்து நிமிர்த்துவார்கள். வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும். ஹேங்கர் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் திரும்பத் திரும்ப வளைத்தால் உடைந்துவிடும். புதுசு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள், ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும்.

செயின் பிடிப்பான் ஒரு சிறிய கை மாதிரியான துண்டு. சின்ன ரிங்குக்கு உள்பக்கம் நின்று, செயின் ஃபிரேம் பக்கம் விழாமல் தடுக்கும். அது செய்யும் வேலை அவ்வளவுதான். வெளியே விழுவதையோ பின்னால் விழுவதையோ அது தடுக்காது. ஆனாலும் கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. கிராங்குக்கும் (பெடலைத் தாங்கும் கை) ஃபிரேமுக்கும் இடையில் சிக்கிய செயின் கார்பனைச் சுரண்டிவிடும், அந்தக் காயத்தைப் பெயின்ட் அடித்து மறைக்க முடியாது. முன் டெரெய்லியர் ஃபிரேமோடு ஒரே போல்ட்டில் பொருந்தும் வகையாக இருந்தால் அதே போல்ட்டில் பிடிப்பானும் ஏறும். வளையம் போட்டு இறுக்கும் வகையாக இருந்தால் சீட் டியூபில் தனியே பொருத்தும் பிடிப்பான் கேளுங்கள். செயினுக்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். போல்ட்டைத் தளர்த்தினால் டெரெய்லியர் நகர்ந்திருக்கும், அதன் உயரத்தையும் கோணத்தையும் மறுபடி சரிபாருங்கள். டியூனிங்கைத் தள்ளிப் போட்டுவிட்டு இதை மட்டும் மாட்டுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது ஒற்றைச் செயின்ரிங். தடித்த பல், மெல்லிய பல் என மாறி மாறி வரும் ‘நேரோ வைட்’ ரிங் 2012இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுப்பு வழியாகப் பரவியது. தடித்த பல் செயினின் அகலமான கண்ணிக்குள்ளும் மெல்லியது குறுகிய கண்ணிக்குள்ளும் உட்காரும், அதனால் செயின் பக்கவாட்டில் நழுவாது. பல் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். செயின் குலுங்காமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டெரெய்லியரும் சேர்ந்தால் கல்லும் வேருமான காட்டுப்பாதையில்கூடச் செயின் விழுவது அபூர்வம். மௌன்டன் பைக்குக்கு இதை வெல்லும் ஏற்பாடு இல்லை.

ரோடு பைக்குக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். முன்னால் 50, 34 பல் ரிங்குகளும் பின்னால் 11 முதல் 32 பல் கேசட்டும் இருந்தால், முன்பல்லைப் பின்பல்லால் வகுக்க மிக லேசான கியர் 1.06, மிகக் கனமானது 4.55. முன்னால் ஒற்றை 40, பின்னால் 11–42 வைத்தால் 0.95, 3.64. ஏற்றத்தில் லாபம், ஆனால் மிகக் கனமான கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 51 கிலோமீட்டரிலிருந்து 41க்கு இறங்கும். நண்பர்களோடு வேகமாக ஓட்டுபவருக்கு அது உறுத்தும். கியருக்குக் கியர் தாவும் இடைவெளியும் கூடும். 42 பல்லைத் தாங்கும் டெரெய்லியர், கேசட், புதுச் செயின் எல்லாம் வாங்க வேண்டும். செயின் நீளத்தை, டெரெய்லியருக்குள் நுழைக்காமல் முன்ரிங்கையும் பின்னாலுள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். ஒரு ‘எல்’ ஸ்க்ரூ தீர்க்கும் கோளாறுக்காக இத்தனையும் மாற்றத் தேவையில்லை.

மடக்கு சைக்கிளில் நிலைமை வேறு. முன்னால் ஏற்கெனவே ஒற்றை ரிங், செயினைப் பிடித்து வைக்க முன் டெரெய்லியரும் இல்லை. குயின்ஸ்பே கடலோரப் பாதையில் ஓடும் வண்டி என்றாலும் மடக்கித் தள்ளும்போது கிராங்க் பின்னால் சுழன்று செயின் கழலும். ரிங்கை மட்டும் நேரோ வைட்டாக மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இருக்கிற ரிங்கின் பல் எண்ணிக்கையையும் ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் பார்த்து வாங்குங்கள், 130 மில்லிமீட்டர் வட்டத்தில் 52 பல் சுலபமாகக் கிடைக்கும்.

கியர் இல்லாத பழைய வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே செயின் தளர்ச்சிதான் காரணம். நடுவில் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட வேண்டும். 15 எண் ஸ்பேனரால் பின் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, நேராக வைத்து இறுக்குங்கள். மிதிக்கும் விசை அச்சின் வலப்பக்கத்தை முன்னுக்கு இழுக்கும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு செயின் இழுப்பான் போட்டால் மறுபடி தளராது. ஸ்பிரிங் விசையால் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் மாட்டுவது சுலபம். ஆனால் பின்னுக்கு மிதித்து பிரேக் பிடிக்கும் வண்டியில் அதைப் போடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது விசை முழுவதும் கீழ்ச்செயினில் வரும், ஸ்பிரிங் அதைத் தாங்காது.