யார் முதலில் வாய் திறப்பது? ஜப்பானியக் கல்லூரி ஆங்கில வகுப்புக்கு எந்தக் கலந்துரையாடல் முறை ஒத்துவரும்

"வாட் டு யூ திங்க்?" என்று வகுப்பைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டேன். எதிரே 30 பேர். ஒரு பையன் பென்சில் பையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான். முன்வரிசை மாணவி தலையை லேசாகச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து, "ஏத்தோ..." என்று, நாம் 'அது வந்து...' என்று இழுப்போமே அப்படி, ஆரம்பித்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். அத்தோடு சரி. மணி அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்புதான் இதே கூட்டம் 'பைத்தோ' பற்றிக் கூரை பிய்ந்து போகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தது. பைத்தோ என்றால் பகுதிநேர வேலை. ஜப்பானில் கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சில் பாதி அதுதான்.

வந்த புதிதில் இதைக் கூச்சம் என்று நினைத்தேன். அப்புறம் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்தேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. ஜிம் கிங் என்ற ஆய்வாளர் 9 ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் 924 மாணவர்களின் ஆங்கில வகுப்புகளை 48 மணி நேரம் உட்கார்ந்து கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார். மாணவர்கள் தாமாகத் தொடங்கிய பேச்சு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான நேரம் ஆசிரியர் உட்பட யாருமே பேசவில்லை. இதில் 'தொடங்கிய' என்ற சொல்தான் எனக்கு முக்கியம். முறை வந்தால் பேசுவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் ஏதாவது சொல்வார்கள். மற்ற 29 பேரும் சும்மா இருக்கும்போது தான் மட்டும் கை தூக்குவதைத்தான் செய்ய மாட்டார்கள்.

அதனால் எந்தப் பயிற்சியைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இப்போது யார் பேச வேண்டும் என்பதை அந்தப் பயிற்சியே சொல்லிவிடுகிறதா? தலைப்பு சுவையாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். 'கொம்பினி' எனப்படும் 24 மணி நேரச் சின்னப் பல்பொருள் கடைகள் தேவையா, திருமணமானால் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர் என்ற சட்டம் சரியா என்று எவ்வளவு சூடான விஷயத்தைக் கொடுத்தாலும், யார் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அது ஆறிப்போகும்.

முழு வகுப்புக் கலந்துரையாடலை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிடலாம். 20 நிமிஷத்தை 30 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 40 நொடி. சமமாகவா போகும்? வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதே 20 நிமிஷத்தை ஜோடிகளாகப் பிரித்தால் ஆளுக்கு 10 நிமிஷம், நால்வர் குழுவில் 5 நிமிஷம்.

ஜோடி என்றதும் எல்லோரும் எடுப்பது 'திங்க், பேர், ஷேர்'. தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, வகுப்புக்குச் சொல். அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தது. முதல் இரண்டு படிகள் ஜப்பானுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். யோசிக்க நேரம் கிடைக்கிறது, எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது படி நம்மைத் திரும்ப அந்தப் பென்சில் பை ஜிப்பிடமே கொண்டுவந்து விடுகிறது. நான் அதைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக ஜோடியை மாற்றி, "முன்பு உன்னோடு பேசியவர் என்ன சொன்னார்?" என்று கேட்கச் சொல்கிறேன். 'என் கருத்து' என்று சொல்லத் தயங்குகிற வாய், 'அவர் சொன்னது' என்றால் தாராளமாகத் திறக்கிறது.

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது 4/3/2 என்ற பேச்சுப் பயிற்சி. கீத் மாரிஸ் என்ற ஆசிரியர் 1983இல் எழுதியது, மொழிக்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் வழியாகப் பரவியது. ஒரே விஷயத்தை ஒருவர் 4 நிமிஷம் பேசுகிறார். அடுத்து வேறொருவரிடம் அதையே 3 நிமிஷத்தில். மூன்றாவதாக இன்னொருவரிடம் 2 நிமிஷத்தில். கேட்பவர் குறுக்கிடுவதில்லை. பிறகு பேசியவரும் கேட்டவரும் இடம் மாறுகிறார்கள். எதிரெதிராக இரண்டு வரிசை நிற்க வைத்து ஒரு வரிசையை மட்டும் நகர்த்தினால் போதும். சுழலும் சூஷி கடையில் தட்டு நகர்வது போல ஆள் நகர்ந்துகொண்டே இருப்பார்.

ஆளுக்கு 9 நிமிஷம், ஒருவர்கூடத் தப்ப முடியாது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு 4 நிமிஷம் மலைப்பாக இருக்கும், அதனால் நான் 3/2/1 என்று சுருக்கிக்கொள்கிறேன். அப்போதும் ஆளுக்கு 6 நிமிஷம். ஒரு மாணவி தன் சொந்த ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். முதல் சுற்றில் 'சாமிப் பல்லக்கு' என்பதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் கையாலேயே ஒரு பெட்டி வரைந்தாள். பாதி நேரம் 'ஏத்தோ'வில் போனது. இரண்டாவது சுற்றில் "பிக் பாக்ஸ், பீப்பிள் கேரி" என்று ஆனது. மூன்றாவதில், ஒரு நிமிஷத்துக்குள், "வீ கேரி எ பிக் பாக்ஸ் ஃபார் தி காட்" என்று மூச்சுவிடாமல் போய்விட்டது. நான் எதையும் சொல்லித் தரவில்லை. ஆள் புதிது என்பதால் அலுப்புத் தட்டவில்லை, நேரம் குறைந்ததால் திக்க இடமில்லை, அவ்வளவுதான்.

குறையும் சொல்ல வேண்டும். இது கலந்துரையாடலே இல்லை. கேட்பவர் 'ஐஸுச்சி' மட்டும் போட்டுக்கொண்டிருப்பார். நம் ஊரில் கதை கேட்பவர் 'ம்' கொட்டுவதைத்தான் அங்கே ஐஸுச்சி என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது "ஓ, ரியலி?" என்று 9 தடவை வரும். முதல் சுற்றில் செய்த இலக்கணப் பிழை மூன்றாவது சுற்றுக்குள் நன்றாக இறுகிவிடும் என்பது இன்னொரு குறை. வாய் சூடேற இதை மிஞ்சியது இல்லை, கருத்து மோத இது உதவாது.

கருத்து மோத வேண்டும் என்றால் நால்வர் குழுதான். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. யார் முதலில் என்பதை ஜான்கென் போட்டு, அதாவது கல், காகிதம், கத்தரி காட்டி, தீர்மானிப்பார்கள். தோற்றவர் முதலில் பேசுவார். பேசுவது பரிசு இல்லை, தண்டனை! அவர் ஒரு வாக்கியம் சொல்வார். "ஐ அக்ரீ." "மீ டூ." "ஐ திங்க் ஸோ டூ." இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மீதி எட்டு நிமிஷம் ஜப்பானிய மொழியில் பைத்தோ.

இந்தப் பள்ளத்தை மூட டோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகம் செய்தது பெரிய காரியம். 2010இல் முதலாண்டு மாணவர் அத்தனை பேருக்கும் ஆங்கிலக் கலந்துரையாடலையே ஒரு கட்டாயப் பாடமாக வைத்தார்கள். வகுப்புக்கு ஏறத்தாழ 8 பேர்தான். ஒவ்வொரு வாரமும் பேச்சை நகர்த்தும் சில வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்து, அவற்றை வைத்தே முதலில் 10 நிமிஷம், பிறகு 16 நிமிஷம் குழுவாகப் பேச வைப்பார்கள். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு குறிப்பு எடுப்பார். "கேன் ஐ ஸ்டார்ட்?", "வாட் டஸ் எவ்ரிஒன் திங்க்?", "கேன் ஐ மேக் எ காமென்ட்?" போன்ற சாதாரண வாக்கியங்கள்தான். ஆனால் அவை முறையைக் கேட்டு வாங்கவும் கொடுக்கவும் ஆன கருவிகள். தொடங்குவது துணிச்சலாகத் தெரியாமல், பாடத்தில் சொன்னதைச் செய்வதாகத் தெரிகிறது. அந்த மறைப்பு ஜப்பானிய மாணவருக்குப் பெரிய விடுதலை.

நானும் அந்தப் பாணியைக் கடன் வாங்கிப் பார்த்தேன். 8 பேருக்குப் பதில் 30 பேர், அதனால் எட்டுக் குழுக்களையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை மதிப்பெண். வாக்கியத்தைப் பயன்படுத்தினால் மதிப்பெண் என்று சொன்ன வாரமே கிளிப்பிள்ளைப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. "கேன் ஐ ஸ்டார்ட்?" என்று ஒருவர் கேட்க, மற்ற மூவரும் ஒரே ராகத்தில் "ஷ்யூர், கோ அஹெட்" என்று பாடுவார்கள். ஒரு குழுவில் ஒருவர் "வை டு யூ திங்க் ஸோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தாளில் டிக் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். மறுவாரம் மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். வாக்கியங்கள் குறைந்தன, பதிலைக் காத்திருந்து கேட்பது கூடியது. ஒரு காசு லாபம்.

தீவில் மாட்டிக்கொண்டால் எந்த ஐந்து பொருள் வேண்டும் என்று வரிசைப்படுத்தச் சொல்லும் விளையாட்டுகளும் உண்டு. பாடநூல்களுக்கு இவற்றின் மேல் தீராத காதல். என் வகுப்பில் ஒரு குழு அந்த வரிசையையே ஜான்கென் போட்டு முடிவு செய்தது. அதோடு நான் விட்டுவிட்டேன்.

விவாதத்துக்கு வருகிறேன். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இதன் மேல் எனக்கு ஆசை அதிகம். அந்த ஆசைதான் முதலில் காலை வாரியது. ஜப்பானியப் பண்பாட்டுக்கு விவாதம் ஒட்டாது என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். அது வரலாறு தெரியாத பேச்சு. ஸ்பீச்சுக்கு 'என்ஸெட்சு', டிபேட்டுக்கு 'தோரோன்' என்ற சொற்களை நிலைபெறச் செய்தவர் 19ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி. அவர் 1875இல் கட்டிய பேச்சு மண்டபம் டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்தின் மீதா வளாகத்தில் இன்றும் நிற்கிறது. போதாததற்கு, 2022 ஏப்ரலில் தொடங்கிய மேல்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் 'தர்க்கமும் வெளிப்பாடும்' என்ற ஆங்கிலப் பாடம் வந்திருக்கிறது. பேச்சு, விவாதம், கலந்துரையாடல் எல்லாம் அதில் உண்டு. 2025 முதல் கல்லூரிக்கு வருபவர்கள் அதைக் கடந்து வருபவர்கள்.

விவாதத்தின் பலம் என்னவென்றால், கட்சியை ஆசிரியரே பிரித்துக் கொடுத்துவிடுகிறார். "நீ எதிர்க்கட்சி" என்று சொல்லிவிட்டால், தோழியை மறுத்துப் பேசுவது குற்றமாகத் தெரிவதில்லை. அது அவள் கருத்தே இல்லையே! நால்வர் குழுவில் "ஐ அக்ரீ" தவிர வேறெதுவும் சொல்லாத பெண், விவாதத்தில் "பட் தட் காஸ்ட்ஸ் மணி" என்று சட்டென்று மடக்கினாள். முகத்தில் சிரிப்பு வேறு.

பலவீனம் தயாரிப்பில் இருக்கிறது. அணியாகப் பிரித்து ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். ஜப்பானிய மொழியில் எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததைக் குனிந்த தலை நிமிராமல் வாசித்தார்கள். தனக்கே புரியாத சொற்கள். எதிரணிக்கும் புரியவில்லை, அதனால் மறுப்பும் இல்லை. ஒரு 'கிக்கோக்குஷிஜோ', அதாவது வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய மாணவர், இரண்டு அணியின் வேலையையும் செய்தார். இப்போது மூவர் விவாதம்தான் வைக்கிறேன். ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் நடுவர். தலைப்பு அங்கேயே கொடுக்கப்படும், 2 நிமிஷம் யோசிக்கலாம், ஆளுக்கு ஒரு நிமிஷம், பிறகு மறுக்க 30 நொடி. நடுவர் யார் வென்றார் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். மூன்று தலைப்பில் மூவரும் மூன்று வேஷமும் போட்டுவிடுவார்கள். அணி விவாதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால், கம்பீரத்தில் அது, பேச்சில் இது.

புத்தகத்தை நடுவில் வைத்துப் பேசுவதிலும் இரண்டு போட்டியாளர்கள். ஒன்று வாசிப்பு வட்டம். எளிய ஆங்கிலக் கதையைப் படித்துவிட்டு ஆறு பேர் ஆறு பொறுப்போடு வருவார்கள். ஒருவர் கேள்வி கேட்டு நடத்துபவர், ஒருவர் சுருக்கம் சொல்பவர், மற்றவர்களுக்குச் சொற்கள், முக்கியமான பகுதி, வாழ்க்கையோடு தொடர்பு, பண்பாடு என்று ஒவ்வொன்று. ஜப்பானில் மார்க் ஃபர் என்ற ஆசிரியர் வழியாகப் பரவிய வடிவம் இது. யார் எப்போது பேசுவது என்ற என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த முறையிலும் இல்லை. ஆனால் வீட்டில் எழுதிய தாளை ஆறு பேரும் வரிசையாக வாசித்துவிட்டு எழுந்து போகும் அபாயம் இருக்கிறது. தாளை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைக்கச் சொன்னால் பாதி சரியாகும். ஒருவர் வராவிட்டால் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை; அதற்கு மருந்து கிடையாது.

இன்னொன்று ஜப்பானிலேயே பிறந்த பிப்லியோபேட்டில், அதாவது புத்தகப் போட்டி. 2007இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தனிகுச்சி தாதாஹிரோ தொடங்கினார். தனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் 5 நிமிஷம் பேச வேண்டும், பிறகு 2, 3 நிமிஷம் கேள்விகள், கடைசியில் வாக்கெடுப்பு. வாக்கு நன்றாகப் பேசியவருக்கு இல்லை, அதிகம் படிக்கத் தோன்றிய புத்தகத்துக்கு! இந்தச் சின்னத் திருப்பம் இங்கே பொன்னானது. தோற்றால் புத்தகம் தோற்றது, நான் இல்லை. மூன்று நிமிஷக் குறுவடிவத்தை ஆங்கிலத்தில் வைத்தேன். மாங்காவும், அதாவது ஜப்பானியப் படக்கதையும், வரலாம் என்று அனுமதித்த பிறகு கேள்வி நேரம் நிரம்பி வழிந்தது. வாசிப்பு வட்டமா இதுவா என்றால், ஒரே நூலை எல்லோரும் படித்திருப்பார்கள் என்று நம்ப முடிகிற வகுப்புக்கு வட்டம், மற்றதுக்கெல்லாம் இது.

வரும் பருவத்தில் எனக்கு 34 பேர். 90 நிமிஷ வகுப்பு, 15 வாரம். முதல் நான்கு வாரம் 3/2/1 மட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து அதை முதல் கால் மணி நேரத்துக்குச் சுருக்கி, நால்வர் குழுவும் பேச்சை நகர்த்தும் வாக்கியங்களும், மதிப்பெண் இல்லாமல். மூவர் விவாதம் பத்தாவது வாரத்துக்கு முன் கிடையாது. ஒருவரையொருவர் பெயர் தெரியாமல் மறுக்கச் சொல்வது கொடுமை. பிப்லியோபேட்டில் கடைசி இரண்டு வாரம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஒதுக்கியிருக்கும் அறையில் மேசைகள் தரையோடு திருகப்பட்டவை, வரிசை நிற்க இடமில்லை. ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஓரத்தில் இருப்பவர் எப்படி நகர்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. காலி அறையில் ஒருநாள் போய் நடந்து பார்க்க வேண்டும்.