பேர் தெரியாத இண்டி கேமில் காசு போட ஸ்டீமை நம்பலாமா?

ஸ்டீம் என்ற இந்த ஆன்லைன் கம்ப்யூட்டர் கேம் கடையை நம்பலாம். ஆனால் அங்கே விற்கும் கேம்களை நம்பி அல்ல. 2017 முதல் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் இண்டி கேம் செய்யும் எந்தச் சின்ன டீமும் ஸ்டீமில் கடை விரிக்கலாம். அதனால் முத்தும் குப்பையும் ஒன்றாகத்தான் கிடக்கும். நம் காசைக் காப்பது ரீஃபண்ட் விதி. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் சீல் பிரித்த சாமானை இப்படித் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா?

டவுன்லோட் நேரம் அந்த 2 மணியில் சேராது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாலு நாள் இழுத்து இறக்கினாலும் 14 நாள் கெடு மட்டும்தான் கரையும். கேமைத் திறந்துவிட்டால் அந்த 2 மணி நேரக் கணக்கு ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடும். ஆட்டத்தை பாஸில் நிறுத்தி வைத்துச் சாப்பிடப் போனாலும் நிற்காது. சில கேம்கள் மூடிய பிறகும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். லைப்ரரியில் பச்சை ‘ப்ளே’ பட்டன் திரும்பி வராமல் நீல ‘ஸ்டாப்’ அப்படியே நின்றால், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் போய் முடித்துவிடுங்கள். கவனிக்காமல் தூங்கப் போனால் விடியும்போது ஆடிய கணக்கு 2 மணி நேரம் தாண்டியிருக்கும். அதன்பிறகும் ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பது ஸ்டீமின் இஷ்டம்.

ஆகவே முதல் அரை மணியில் கதைக்குள் போகாதீர்கள். ஸ்க்ரீன் அளவு, கன்ட்ரோலர், ஒலி சரியா பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால், எதிரிகள் கூட்டமாக வரும் இடம்வரை போய் காட்சி திக்கித் திக்கி ஃப்ரேம் விழுகிறதா என்று பாருங்கள். மெனுவில் வழுக்கிக்கொண்டு ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறகு சேவ் செய்து, முழுசாக வெளியேறி, மறுபடி திறந்து விட்ட இடத்தில் நிற்கிறதா என்று சோதியுங்கள். சேவ் சொதப்பும் கேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒன்றரை மணிக்குள் முடிவெடுத்துவிடுவது நல்லது.

சேல் நேரத்தில் பத்து கேமை அள்ளிப் போடுவதுதான் பெரிய ஓட்டை. திறக்காமலே கிடந்தாலும் 14 நாளில் கெடு முடிந்துவிடும். பல கேமை ஒரே கட்டாக விற்கும் பண்டிலில் எல்லாக் கேமும் சேர்த்துத்தான் 2 மணி நேரம்.

இந்த விதி அதிகம் கைகொடுக்காத இடம் ஏர்லி ஆக்ஸஸ், அதாவது முடிக்கும் முன்பே விற்பனைக்கு வரும் கேம்கள். கேம் அரைகுறையாக இருக்கும்போது ஆடிய நேரமும் 2 மணியில் சேரும். கேம் முடிவடையும் என்று ஸ்டீமே உத்தரவாதம் தருவதில்லை. இன்றைக்கு உள்ளே இருப்பது அந்த விலைக்குத் தகுமா என்று மட்டும் பாருங்கள், ‘வரப்போகிறது’ பட்டியலுக்குக் காசு கொடுக்காதீர்கள். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்ப்பது அவசியம். நீண்ட நாள் அப்டேட் இல்லாத ஏர்லி ஆக்ஸஸ் கேம்களில் 2025 முதல் ஸ்டீம் அறிவிப்பு போடுகிறது, நல்ல காரியம். பத்து விமர்சனம்கூட இல்லாத கேமுக்கு ‘பாசிட்டிவ்’, ‘மிக்ஸ்டு’ மாதிரி மதிப்பீட்டு வார்த்தையே வராது. அங்கே டெமோ இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ரீஃபண்ட் கேட்கும்போது பணம் கட்டிய வழியிலேயே திரும்பக் கேளுங்கள். ஸ்டீம் கணக்கில் உள்ள வாலெட்டுக்குப் போன காசை வெளியே எடுக்க முடியாது. வேறு தளங்களில் மலிவாக வாங்கிய கீக்கு (ஸ்டீமில் கேமைத் திறக்கும் கோட்) ஸ்டீம் ரீஃபண்ட் தராது. அதே கேம் ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கேம் கடையில் இருந்தால் அங்கே வாங்குங்கள்: ஆடிப் பார்த்த பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு.