பழைய பெட்ரோல் பிக்கப்: எஞ்சினோடு சண்டையில்லை, அந்த ரப்பர் எல்போவோடுதான்

பழைய வி8 பெட்ரோல் பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடையது இப்போதுதான் வேலை முடிந்து நிற்கிறது, கையில் கிரீஸ்கூட இன்னும் போகவில்லை, அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

எஞ்சின் தங்கம். எவ்வளவு சுமை ஏற்றினாலும் முனகாது. தொல்லை முழுக்க வேக்கம் ஹோஸ்களில், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களில். ரப்பர் சூட்டில் காய்ந்து வெடிக்கிறது, சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுந்துவிடுகிறது, கம்ப்யூட்டரின் கணக்கு தப்புகிறது. சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கி ஆடும், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசம். அப்புறம் செக் எஞ்சின் விளக்கு, பி0171, பி0174 என்ற கோளாறுக் குறியீடுகள் ரெண்டும் ஜோடியாக: எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று அர்த்தம்.

இந்த ஜோடியைப் பார்த்ததும் ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார்களை மாற்றச் சொன்னார்கள். இரண்டு பக்கத்து சென்சாரும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்லுமா? பெட்ரோல் போதவில்லை என்று அவை உண்மையைத்தானே சொல்லிக்கொண்டிருந்தன!

ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம்மைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் பிளஸ் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்று, 2500 ஆர்பிஎம்மில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் பெரும்பாலும் வேக்கம் லீக்தான், ஏனென்றால் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்று கூடும்போது ஓட்டை வழியாக வருவது அதில் சின்னப் பங்காகிவிடும். ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். வேக்கம் கேஜ் ஐடிலில் 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவுக்குள் ஆடாமல் நிற்க வேண்டும், என்னுடையது அதற்குக் கீழே கிடந்தது. ஆனால் ஓட்டை எங்கே என்று கேஜ் சொல்லாது. தீப்பற்றும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை ஹோஸ்கள் மேல் அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியில், உள்ளே புகையைச் செலுத்தி ஓட்டை வழியாக வெளியே வரவைக்கும் ஸ்மோக் மெஷின்தான் காட்டிக்கொடுத்தது. இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், ஃபயர்வாலை ஒட்டி, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் பிசிவி எல்போ, அதாவது எஞ்சினின் எண்ணெய் ஆவியை மறுபடி உள்ளே இழுக்கும் வளைந்த ரப்பர் குழாய், எண்ணெய் ஆவியில் ஊறி, உப்பி, அடிப்பக்கம் பிளந்திருந்தது. இத்தனை வருஷம் உழைத்த ரப்பரைத் திட்டுவது நியாயமில்லை, சரி. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்த மகானைத் திட்டலாம் அல்லவா?

வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். என்னுடையதை விற்பதாகவும் இல்லை. அப்படியும் ஆசை விடவில்லையென்றால், ஓட்டிப் பார்க்கும்போது ஏசியைப் போட்டு ஒரு மேடு ஏறுங்கள். முகத்தில் அடித்த காற்று முன்கண்ணாடிப் பக்கம் திரும்பினால், ஏசி காற்றின் திசையை மாற்றும் வேக்கம் லைன் எங்கேயோ ஒழுகுகிறது. வாங்கியதும் எல்போவோடு, அதே வேக்கத்தால் பிரேக் மிதியை இலேசாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். ஐடில் ஆடினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டலாம், பிரேக் பெடல் கல்லாகிப் போனால் ஓட்ட முடியாது.