டிடியா, இசட்4-ஆ? மலைமேல் பழைய கூபே வாங்கிய கணக்கு

வாங்கியது ஆடி டிடி, இரண்டே கதவும் நிலையான ரூஃபும் உள்ள கூபே. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கீழே எழுதப்போவதை நடுநிலையான தீர்ப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். 2012 மாடல், 2.0 டிஎஃப்எஸ்ஐ (டர்போ பெட்ரோல்) குவாட்ரோ (நான்கு சக்கர இழுவை), 211 ஹெச்பி. பெங்களூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் டீலரிடம், கிட்டத்தட்ட ஒரு புது கிரெட்டாவின் விலைக்கு. வீடு கோத்தகிரியில். அதே மாதம் அதே பட்ஜெட்டில் கைக்கு எட்டி, நானே வேண்டாம் என்று விட்டது குன்னூரில் நின்ற 2011 பிஎம்டபிள்யூ இசட்4 எஸ்டிரைவ்35ஐ. நிசான் 370இசட் ஒன்றும் நடுவில் ஆசை காட்டியது. டிடியை 2024 ஜூனில் எடுத்து பதினாறு மாதம், 11,000 கி.மீ. ஓட்டியாகிவிட்டது. இசட்4-ஐ ஓட்டியது மொத்தமே இரண்டு நாள், 370இசட்-ஐ ஒரு மணி நேரம். நான் சொல்வதை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

முதலில் 370இசட்டை முடித்துவிடுகிறேன். 3.7 லிட்டர் வி6, டர்போ கிடையாது, பின்சக்கர இழுவை, 330 ஹெச்பியை ஒட்டி வரும். சமவெளியில் ராட்சசன். ஆனால் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு, ஊட்டியில் அதற்கும் மேலே, குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சும் அதே அளவு குறையும், ஆக 330-க்குக் காசு கொடுத்துவிட்டு மேலே வந்து 265-ஐ ஓட்ட வேண்டும். டர்போ வண்டி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிக்கொள்ளும். பெட்ரோல் செலவு, ஈரமான கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் வழுக்கும் பயம் எல்லாம் சேர்ந்து அதை விட்டுவிட்டேன். சத்தத்துக்காக இன்னும் ஏங்குகிறேன், அது வேறு.

இனி டிடியும் இசட்4-ம்.

பவரில் இசட்4 தெளிவாக மேலே. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 ஹெச்பி. காலை வைத்தால் மேட்டுப்பாளையம் ரோட்டு ஏற்றம் ஏற்றமாகவே தெரியாது. டிடி அப்படி இல்லை, ஆனால் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போவதால் பனிமூட்டமும் தேயிலை லாரி இழுத்துவிட்ட சேறும் சேர்ந்த வளைவில் மனசு பதறாது. இடவசதி இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. டிடியின் பின்சீட்டில் மனிதர் உட்கார முடியாது, அதை மடக்கினால் இரண்டு காய்கறி மூட்டை போகும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி இரண்டிலும் பரிதாபம். எங்கள் வீட்டு ஷெட்டுக்கு ஏறும் சரிவில் முன் பம்பர் உரசாமல் இருக்க இரண்டு சில்வர் ஓக் பலகை வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இறங்கி, போட்டு, ஏற்றி, எடுத்து வைக்க வேண்டும். ராத்திரி ரோட்டில் காட்டு மாடு நின்றால் அதன் வயிற்றுக்கு அடியில் அந்தப் பக்கம் தெரியும், அவ்வளவு தாழ்வு. இதெல்லாம் தெரிந்துதான் வாங்குகிறோம், புலம்ப உரிமை இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பவரும் இல்லை, பிராண்டும் இல்லை, தண்ணீர்.

நீலகிரியில் மழையை ஒரே மழையாகப் பேச முடியாது. ஊட்டி, அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் வெளுத்து வாங்கும்போது தொட்டபெட்டா மறைப்பதால் எங்கள் பக்கம் சும்மா தூறும். எங்களுக்கும் குன்னூருக்கும் அடி விழுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதும், மலை முழுக்கச் சரிந்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அப்படிக் கொட்டாத நாளிலும் மூடுபனி வீட்டுக்குள் வரும், துணி மூன்று நாள் காயாது, பெட்டியில் வைத்த தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். இந்த ஊரில் ஒரு காரின் உடலில் எத்தனை ஓட்டை, எத்தனை ரப்பர், எத்தனை வடிகால் என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இசட்4-ன் ரூஃப் இரண்டு துண்டு அலுமினியம். பட்டனை அழுத்தினால் இருபது நொடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மூடினால் கூபே, திறந்தால் ரோட்ஸ்டர். இதைவிட அழகான ஏற்பாடு உண்டா என்றால் இல்லை. கோடநாடு ரோட்டில் ரூஃபைத் திறந்து சாயங்காலம் ஓட்டினேன், தேயிலை ஃபேக்டரியில் இலை வறுபடும் வாசனை அப்படியே வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, பக்கத்தில் இருந்த வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது அபூர்வம். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலை குன்னூர் பங்களாவில் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நனைந்த சாக்கு நாற்றம். விரலை விட்டுத் துழாவினால் ஓரத்தில் மக்கிப்போன இலை, ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இன்னும் வெள்ளியாக மினுங்கியது. சில்வர் ஓக். வண்டி வருஷக்கணக்கில் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறது. ரூஃபைச் சுற்றி ஓடும் வடிகாலை இலை அடைத்திருக்கிறது, தண்ணீர் போக வழி தேடி டிக்கிக்குள் இறங்கியிருக்கிறது. இது அந்த வண்டியின் குற்றம் இல்லை, மரத்தடியில் நிறுத்தியவரின் குற்றம். ஆனால் எங்கள் ஊரில் மரத்தடி தவிர வேறு எங்கே நிறுத்துவது? பாதி வீடுகளுக்கு வண்டி வாசல் வரை வராது, மேலே ரோட்டோரம் விட்டுவிட்டுப் படியிறங்கித்தான் போக வேண்டும்.

மடியும் ரூஃபுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹைட்ராலிக் பம்ப், அதிலிருந்து போகும் எண்ணெய்க் குழாய்கள், ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று பார்க்கும் சென்சார்கள், கீலோடு சேர்ந்து ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் வயர்க்கட்டு. அந்த வயர்க்கட்டு வளைகிற இடத்தில் அறுந்துபோவது இந்தத் தலைமுறை இசட்4-ல் உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஒரு சென்சார் இல்லை என்று சொன்னால் ரூஃப் நகராது, மூடியபடி நின்றால் கவலையில்லை, பாதியில் நின்றால்? இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து ஐந்து நிமிஷத்தில் கொட்டும். கோயம்புத்தூரில் நான் கலந்து பேசிய மெக்கானிக் தம்பி வெளிப்படையாகவே சொன்னார்: “அண்ணா, ரூஃப் ஓடுற வரைக்கும் சொர்க்கமுங்க. மேல நின்னுபோச்சுன்னா வண்டிய இறக்கிக் கொண்டுவரதே ஒரு செலவு, அப்புறம்தான் வேலைச் செலவு.”

அவர் சொன்ன முதல் செலவுதான் சமவெளிக்காரர்களுக்குப் புரியாது. இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ., அதற்கும் கீழே கோயம்புத்தூர். இந்த மாதிரி வண்டியைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, பிளாட்பெட் லாரிதான் மேலே ஏறி வர வேண்டும். மழையில் மண் சரிந்து ரோடு மூடினால் அதுவும் வராது.

டிடிக்குத் தண்ணீர்த் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கே நடந்தது. போன டிசம்பரில் ஒருநாள் காலை டிரைவர் பக்கத்து மிதியடியில் கால் வைத்தால் சளக் என்றது. வைப்பருக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முறம் இலை. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. கம்பியால் வடிகாலைக் குத்திவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி அது சக்கரத்துக்குப் பக்கத்தில் கொட்டுவதைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம், செலவு பூஜ்யம். மிதியடியைக் காய வைக்கத்தான் ஒரு வாரம் ஹீட்டர் ஓடியது. நிலையான ரூஃப் உள்ள கூபேயில் தண்ணீர் நுழையும் இடங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை, எல்லாம் என் கைக்கு எட்டும். எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. இந்த டிடியின் உடல்கூட்டில் எடைப்படி 69 சதவீதம் அலுமினியம். கதவுகள், டிக்கிக் கதவு, பின் தரை இவைதான் இரும்பு. துரு பார்க்க வேண்டிய இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. பிரேக் டிஸ்க் என்னவோ ஒரே ராத்திரிப் பனியில் செங்கல் நிறமாகிவிடும், காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு வரட் வரட் என்று தேயும், அது சாதாரணம். இரண்டு வாரம் ஓட்டாமல் விடுவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இறங்காத பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவே கூடாது, அது வண்டியை அவித்துவிடும். எலிக்கு பானட்டுக்குள் புகையிலை. பலன் உண்டா என்றால், இதுவரை வயர் கடிபடவில்லை, புகையிலையாலா எங்கள் வீட்டுப் பூனையாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எஞ்சின் பக்கம் டிடி உத்தமன் இல்லை. 211 ஹெச்பி எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேர்போன பலவீனம், பின்னால் மாற்றி வடிவமைத்த பாகம் வந்தது. அந்தக் காலத்து 2.0 எஞ்சின்கள் ஆயில் குடிப்பதும் தெரிந்த கதைதான். டென்ஷனரைச் சோதிக்க வழி ஒன்றுதான், ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் ஓரிரு நொடி கரகர என்று செயின் சத்தம் வந்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள். நான் போனபோது டீலர் சிரித்த முகத்தோடு வரவேற்றார், பானட்டில் உள்ளங்கையை வைத்தேன், கதகதவென்று இருந்தது. “இப்பத்தான் சார் வாஷ் பண்ண நகர்த்தினோம்.” சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். சத்தம் இல்லை. அப்புறமும் விடாமல், செயினை மூடியிருக்கும் கவரின் சின்னத் துளை வழியாகப் பார்த்து புது வகை டென்ஷனர்தான் என்று உறுதி செய்த பிறகே பணம் கைமாறியது.

இசட்4-ன் எஞ்சினுக்கும் அதன் நோய்கள் உண்டு, ஹை பிரஷர் ஃப்யூவல் பம்ப் அதில் முதலாவது. வைத்து ஓட்டிப் பார்க்காததால் அதைப் பற்றி நீட்டவில்லை. எனக்குப் பட்டது வேறு. டிடியைத் திறந்தால் உள்ளே பாதி ஸ்கோடா. அந்த எஞ்சின் குடும்பமும் ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டியும் லாரா, சூப்பர்ப் வண்டிகளில் நம் ஊரில் நிறைய ஓடியவை, கோயம்புத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஆயிலும், பின்சக்கரத்துக்கு இழுவை பிரிக்கும் ஹால்டெக்ஸ் ஆயிலும் மாற்றிய ரசீது இல்லாமல் வந்ததால் வாங்கியவுடன் இரண்டையும் மாற்றினேன், 34,000 ஆனது. கியர்பாக்ஸ் ஆயில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கட்டாயம். டயரிலும் வித்தியாசம் உண்டு. நான் பார்த்த இசட்4-ல் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, நான்கும் ரன்ஃபிளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை), இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது.

காகித வேலை இரண்டுக்கும் பொது. என் வண்டி கர்நாடக நம்பர். அங்கே என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, டிஎன் 43 என்ற நீலகிரி நம்பர் ஆக நான்கு மாதம். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துவிட்டதே, அதனால் வாங்கி வந்த அன்று குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பாஸைக் காட்டினேன். “எங்க சார் தங்கப் போறீங்க?” “வீட்டுலதாங்க.” அவரும் சிரித்துவிட்டார். உள்ளூர் நம்பரோடு குன்னூரில் நின்ற இசட்4-க்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது, அதன் கணக்கில் இதை வரவு வைக்க வேண்டும். இன்னொரு செலவு பின்னால் வருகிறது. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்சி புதுப்பிக்க, இறக்குமதி காருக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 40,000 ரூபாய், சாதாரணக் காருக்கு 5,000. என் வண்டிக்கு 2027-ல் அது வரும். பேரம் பேசும்போது இதைச் சொல்லித்தான் கொஞ்சம் குறைத்தேன்.

திரும்ப விற்பது பற்றிக் கேட்காதீர்கள். டிடி உற்பத்தி 2023 நவம்பரோடு ஹங்கேரியில் நின்றுவிட்டது. அதனால் விலை ஏறும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், சொல்பவர்கள் எல்லோரும் விற்கிறவர்கள்.

மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ, கதவு போட்ட கராஜோடு வீடு இருந்திருந்தால் யோசிக்காமல் இசட்4-ஐ எடுத்திருப்பேன். அந்தக் குன்னூர் வண்டியை அப்புறம் திருப்பூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போனதாகக் கேள்வி. எனக்கோ இரண்டாவது வடகிழக்கு மழை இந்த வாரம் தொடங்கிவிட்டது, நேற்று வைப்பருக்குக் கீழே கைவிட்டதில் அரை முறம் இலை வந்தது.