பத்து ரூபாய் வில்லையும் முப்பது நாள் காத்திருப்பும்: தகவல் உரிமை மனு, ஒரு மதிப்புரை

அரசிடமிருந்து குடிமக்களுக்குக் கிடைக்கும் சேவைகளிலேயே மிகவும் மலிவானது எது என்று கேட்டால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளிக்கும் மனு என்றுதான் சொல்வேன். ஒரு வெள்ளைத்தாள், அதில் ஒட்டப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, அஞ்சல் செலவு ஆகியவற்றோடு முதலீடு முடிந்துவிடுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாய்க் கட்டணமும் இல்லை. கடந்த ஒன்றரை ஆண்டில் நான்கு மனுக்கள் போட்டிருக்கிறேன். ஒன்றில் என் தவற்றாலேயே தோற்றேன். ஒன்றில் மேல்முறையீடு வரை போய்த்தான் வென்றேன். ஒன்றுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த அனுபவத்தை வைத்து, ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தியவர் அதன் நிறை குறைகளைச் சொல்வதுபோல இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

சேவையின் நிபந்தனைகள் தாளில் மிகவும் தாராளமானவை. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம், மனு கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாக இருந்தால் 48 மணி நேரம்தான் கெடு. ஏன் கேட்கிறாய், உனக்கு இதனால் என்ன என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று 6-ஆவது பிரிவு வெளிப்படையாகவே தடுக்கிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. கெடு தாண்டிப் பதில் தந்தால் நகல் கட்டணம் வாங்க முடியாது. இவ்வளவு சலுகையோடு தனியார் நிறுவனம் எதுவும் தன் சேவையை விற்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் மனுவை எழுதியபோது இவையெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடமாகத் தெரியும். ஆனாலும் தோற்றேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டும் பணி பாதியில் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. தோண்டிய பள்ளத்தின் மீது பலகை போட்டு வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்த கோபத்தில் ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன்: பணி ஏன் நிறுத்தப்பட்டது, இதற்கு யார் பொறுப்பு, ஒப்பந்ததாரர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை, பொதுமக்களின் வரிப்பணம் இப்படித்தான் செலவழிக்கப்படுமா. எழுதி முடித்தபோது மனநிறைவாக இருந்தது. இருபத்தேழாம் நாள் அந்த உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து நான்கு வரிப் பதில் வந்தது: கேட்கப்பட்டவை வினா வடிவில் உள்ளன, அவை சட்டம் வரையறுக்கும் 'தகவல்' அல்ல.

முதலில் இதை ஏய்ப்பு என்றே நினைத்தேன். சட்டத்தின் 2-ஆவது பிரிவை மறுபடி படித்தபோதுதான் அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பது உறைத்தது. தகவல் என்பது ஏற்கெனவே ஒரு பதிவில் இருப்பது: ஆணை, குறிப்பு, மின்னஞ்சல், ஒப்பந்தம், அறிக்கை, பதிவேடு, மாதிரி. அலுவலர் உட்கார்ந்து எனக்காகப் புதிதாக ஒரு விளக்கத்தை யோசித்து எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாயவுக்கும் இடையிலான வழக்கில், தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ ஆலோசனை கூறவோ அலுவலகங்கள் கடமைப்பட்டவை அல்ல என்பதையும் அதே தீர்ப்பில் கூறியிருக்கிறது. மனுதாரர்கள் கண்மூடித்தனமாகக் கேட்டுக் குவித்தால் அலுவலகங்களின் அன்றாட வேலையே முடங்கிவிடும் என்ற கவலையும் அதில் இருக்கிறது. அந்தக் கவலையைச் சாக்காகப் பயன்படுத்தும் அலுவலர்கள் உண்டு என்பது வேறு விஷயம்.

ஆக, இந்தச் சேவையைப் பயன்படுத்த ஒரு கைப்பழக்கம் தேவை. அதை எந்த அலுவலகப் பலகையும் சொல்லித் தருவதில்லை. 'ஏன்' என்று தொடங்கும் ஒவ்வொரு கேள்வியையும் 'எந்தத் தாளில்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பணி ஏன் நின்றது என்பதற்குப் பதிலாக, பணியை நிறுத்தச் சொன்ன கடிதத்தின் அல்லது கோப்புக் குறிப்பின் நகல். பணம் எங்கே போனது என்பதற்குப் பதிலாக, மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல், பட்டியல் (பில்) தொகை வழங்கிய சான்றின் நகல். அளவுப் புத்தகம் என்பதை அலுவலகத்தில் எல்லோரும் 'எம் புக்' என்பார்கள். எந்தப் பணியிலும் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று பொறியாளர் தளத்தில் அளந்து எழுதிக் கையெழுத்திடும் பதிவேடு அதுதான்; அதில் ஏறாத எதற்கும் பணம் போகாது. அந்த ஒரு சொல்லை மனுவில் எழுதியவரை அலுவலகம் சற்று நிமிர்ந்து பார்க்கிறது என்பதை இரண்டாவது மனுவில் கண்டுகொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தது உண்மை. பதில் வரவில்லை என்பதும் உண்மை. முப்பது நாள் போயிற்று, நாற்பதும் போயிற்று. சட்டத்தின் கண்ணில் இந்த மௌனமே மறுப்புதான் என்பதால், கெடு முடிந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்நிலை அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அஞ்சலின் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருந்ததால் தேதிக் கணக்கில் சிக்கல் வரவில்லை. (என் நண்பர் ஒருவர் மனுவை நேரில் கொடுத்துவிட்டு முத்திரை வாங்காமல் வந்துவிட்டார். அவர் மனு கொடுத்ததற்கு இன்றுவரை அவரே சாட்சி.) மேல்முறையீடு போன மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார்கள். நகல் எடுக்க நாளாகும், கோப்பை நேரில் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

இந்தச் சேவையில் பலருக்கும் தெரியாத, ஆனால் ஆகச் சிறந்த பகுதி இதுதான். கோப்பை நேரில் பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் இரண்டு ரூபாய் கட்டி நகல் வாங்குவது, தேவையானால் கட்டுமானப் பொருளின் சான்றளித்த மாதிரியைக் கேட்பது ஆகிய அனைத்தும் சட்டத்தில் உரிமையாகவே எழுதப்பட்டுள்ளன. பார்வையிடும் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஒரு மேசையைக் காட்டி, "உட்காருங்க சார்" என்று நாடா கட்டிய கோப்பை எழுத்தர் என் முன்னால் வைத்தார். இடப்பக்கம் குறிப்புகள், வலப்பக்கம் கடிதப் போக்குவரத்து. பணத்தை விழுங்கிவிட்டார்கள் என்ற முடிவோடு போயிருந்த நான் தேடியது, செய்யாத வேலைக்குக் கொடுத்த பட்டியலை. எம் புக்கில் இருந்ததோ 62 மீட்டர். தெருவில் நானே நாடா பிடித்து அளந்து வைத்திருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். பணமும் அந்த 62 மீட்டருக்கு மட்டுமே போயிருந்தது.

அடுத்த பக்கத்தில் இளநிலைப் பொறியாளரின் குறிப்பு இருந்தது. பள்ளம் தோண்டும்போது குடிநீர்ப் பிரதானக் குழாய் குறுக்கிடுகிறது. அதை மாற்றி அமைக்க உரிய துறைக்குக் கடிதம் எழுதலாம். மேலே இருந்தவர் 'ஆம்' என்று சுருக்கொப்பமிட்டிருந்தார். கடிதத்தின் வரைவும் கோப்பில் இருந்தது. ஆனால் அது அனுப்பப்பட்டதற்கான அனுப்புகை எண் எங்கும் இல்லை. ஒப்பந்ததாரரைத் திட்டி நான் எழுதிய ஒரு பக்கமும் எனக்கு நினைவுக்கு வந்தது. எழுத்தரிடம் காட்டியபோது அவரும் இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் வந்து கேட்கலையே சார்" என்றார். அது சமாதானமா ஒப்புதலா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தத் தெருவில் நாற்பது வீடுகள் இருக்கின்றன. எட்டு மாதமாக எல்லோரும் பலகை மீது நடந்துகொண்டு ஒப்பந்ததாரரைத் திட்டினோம் என்பதும், ஒருவரும் அலுவலகப் படி ஏறவில்லை என்பதும் உண்மை.

மத்திய அரசுத் துறைகளுக்கான இணையவாசலையும் ஒருமுறை பயன்படுத்தினேன். ரயில் நிலைய மின்தூக்கியின் பராமரிப்பு ஒப்பந்த நகல் கேட்ட மனு அது. 22-ஆம் நாள் முழுமையான பதில் வந்தது. பத்து ரூபாயை இணையத்திலேயே கட்டலாம், பதிவு எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்கலாம், முதல் மேல்முறையீட்டையும் அங்கேயே செய்யலாம். மனுவுக்கான கட்டத்தில் 3000 எழுத்துகளுக்கு மேல் எழுத முடியாது என்பது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். என்னைப் போன்றவர்களுக்கு அது நன்மை. ஆனால் மாநில அரசு அலுவலகங்களுக்கான மனுவை அந்த வாசலில் போட்டுவிடாதீர்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் திரும்பாது என்றும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குத் தனி இணையவாசல் இருக்கிறது. அஞ்சல் வழியில் போவதாக இருந்தால், மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை, மத்திய அலுவலகத்துக்கு இந்திய அஞ்சல் ஆணை என்பதை நினைவில் வையுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் மேல்முறையீட்டிலும் பதில் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அங்குதான் இருக்கிறது. மனுதாரருக்குக் கெடு, அலுவலருக்குக் கெடு, முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் 30 நாள், மிஞ்சினால் 45 நாள் என்று கெடு வைத்த சட்டம், ஆணையம் இரண்டாம் மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததுபோல இருக்கிறது. வடிகாலைப் பற்றிய பதில் மூன்று ஆண்டுகள் கழித்து வந்தால் அது வரலாற்று ஆவணமாகத்தான் பயன்படும்.

இதைவிடப் பெரிய குறை, சேவை தொடங்கிய பின் அதன் உள்ளடக்கத்தையே குறைத்தது. முன்பு ஒருவரின் தனிப்பட்ட தகவலை மறுக்க வேண்டுமானால், அதற்கும் பொதுப் பணிக்கும் தொடர்பில்லை என்றோ, அது தேவையற்ற அத்துமீறல் என்றோ காட்ட வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலை மறுப்பதற்கான காரணங்களைச் சொல்லும் 8(1) பிரிவின் 'ஜே' உட்பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். அதைப் பயன்படுத்தத் துணியும் அலுவலரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தொண்ணூறுகளில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பைச் சேர்ந்த கிராமத்து மக்கள் கேட்டது, கூலி வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான். செய்யாத வேலைக்கும் இல்லாத ஆளுக்கும் கூலி எழுதியிருந்ததை, பொதுக் கூட்டத்தில் பெயர்களை உரக்கப் படித்துத்தான் அம்பலப்படுத்தினார்கள். அந்த இயக்கம் பெற்றுத் தந்த சட்டத்திலேயே இன்று ஒரு பெயர்ப் பட்டியலைத் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இடம் இருக்கிறது.

4-ஆவது பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் 17 வகை விவரங்களைத் தானாக வெளியிட வேண்டும்; வரவு செலவு ஒதுக்கீடு, மானியம் பெறுவோர் விவரம், ஊழியர்களின் ஊதியம் எல்லாம் அதில் அடங்கும். இதை ஒழுங்காகச் செய்தால் பாதி மனுக்களுக்குத் தேவையே இருக்காது. நான் பார்த்த பல இணையதளங்களில் அந்தப் பக்கம் இருக்கிறது, உள்ளே பணி மாறிப் போனவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்? குறையைத் தீர்த்துக்கொள்ள மட்டும் விரும்புவோருக்கு அல்ல. அவர்கள் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கோ 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர் பிரிவுக்கோ போவது நல்லது; தகவல் மனு எந்தப் பள்ளத்தையும் மூடாது. அண்டை வீட்டாரோடு உள்ள பகையைத் தீர்த்துக்கொள்ள அவர் கட்டட அனுமதியைத் துருவுவோருக்கும் அல்ல. அலுவலரை அலைக்கழிக்கும் நோக்கில் பத்து ஆண்டுப் பதிவேடு முழுவதையும் கேட்பவர்கள், நாளை உண்மையான தேவையோடு வருபவரின் மனுவையும் சந்தேகத்தோடு படிக்கும்படி அந்த அலுவலரைப் பழக்கிவிடுகிறார்கள். பெரிய ஊழலைத் தொடுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மனுதாரர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் இந்நாட்டில் நடந்திருக்கிறது. வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியிருப்பது அவர்களுக்குப் பயன்படும்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கோப்புப் பார்வையிடும் உரிமைக்கு மட்டும் என்றால் ஐந்தும் தரலாம். ஆணையத்தின் தாமதத்துக்கு ஒன்றுகூடத் தர மனமில்லை.

வடிகால் கதை முடியவில்லை. கோப்பைப் பார்த்த மறுவாரம் தெருவாசிகள் பதினான்கு பேர் கையெழுத்திட்டு, குழாயை மாற்றக் கோரும் கடிதத்தை அனுப்பும்படி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, முத்திரையும் வாங்கி வந்தோம். அந்தக் கடிதத்தின் அனுப்புகை எண்ணையும் தேதியையும் கேட்டு நான்காவது மனுவை அனுப்பியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமையோடு முப்பது நாள் ஆகிறது.