கழிமுகத்துக்கு எந்த பூம் சரி? எண்ணெய்த் தடுப்பு மிதவைகள் ஓர் அலசல்

எண்ணெய்த் தடுப்பு பூம், அதாவது தண்ணீரில் கொட்டிய எண்ணெய் பரவாமல் தடுக்கிற மிதக்கும் வேலி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு உயரம் வேண்டும்?" என்பதைத்தான். கொட்டேஷனிலும் அதுதான் முதல் வரி: தண்ணீருக்கு மேலே இத்தனை மில்லிமீட்டர், கீழே இத்தனை. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி மூடி, பூம் போடப் போகிற இடத்துக்கு வற்றம், அதாவது கடல்நீர் இறங்கும் ஓட்டம், நன்றாக இழுக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். கரையில் 10 மீட்டர் அளந்துகொண்டு பாட்டிலை ஆற்றில் எறிந்து எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பாருங்கள். 28 விநாடிக்கு மேல் ஆனால் நிம்மதி, எந்த பூமையும் குறுக்கே நேராகக் கட்டலாம். அதற்குள் வந்துவிட்டால் நேராகக் கட்டுவது வீண். பத்தே விநாடியில் ஓடிவிட்டால், உங்கள் பிரச்சினை பூமின் உயரமே இல்லை.

இந்த 28 விநாடிக் கணக்கு எங்கிருந்து வருகிறதென்றால், நீரோட்டம் சுமார் 0.7 நாட் (1 நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், விநாடிக்கு அரை மீட்டர் மாதிரி) வேகத்தைத் தாண்டினால், குறுக்கே நிற்கிற எந்த பூமும் எண்ணெயைப் பிடித்து வைக்காது. எண்ணெய் மேலே ததும்பி வழியும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது கீழேதான் நழுவும். பூமின் முன்னால் எண்ணெய் தடிமனாகச் சேரும், அடியில் ஓடுகிற தண்ணீர் அதைத் துளித்துளியாகப் பிய்த்து, கீழே தொங்குகிற திரைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் மேலே விடும். அப்படியானால் திரையை இன்னும் ஆழமாகத் தொங்கவிடலாமே என்று கேட்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அது இன்னும் மோசம், தண்ணீர் போக வழி குறுகக் குறுக அடியில் வேகம்தான் கூடும்.

சரி, இப்போது வகைகளுக்கு வருவோம். நான் மனதில் வைத்திருப்பது எண்ணூர் கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் இறங்கி, காட்டுக்குப்பம் பக்கமெல்லாம் படகு, வலை, அலையாத்திச் செடி என்று எதையும் விடாமல் அப்பியது. அப்போது செய்திகளில் பூமை "பூமர்" என்றும் எழுதினார்கள், சமூக ஊடகத்தில் "பூமர் அங்கிள்" என்று கேலி பேசிப் பழகிய காதுக்கு அது வேறு மாதிரி கேட்டது. போகட்டும்.

விலை குறைந்தது வேலி வகை. விறைப்பான தட்டைத் துணி, இரண்டு பக்கமும் மிதவைக் கட்டைகள், அடியில் எடை. மடித்து அடுக்கலாம், கழுவுவதும் சுலபம். துறைமுகத்துக்குள்ளே, கப்பலுக்கு எண்ணெய் நிரப்பும்போது சுற்றி வளைத்துப் போட இது போதும். ஆனால் இதன் வளையாத உடம்பு அலையோடு ஏறி இறங்காது. நீரோட்டம் கொஞ்சம் தள்ளினால் பாய் போலச் சாய்ந்து படுத்துவிடும், எண்ணெய் சாவகாசமாகப் போகும். கழிமுகத்துக்கு வேண்டாம் என்பேன்.

அடுத்தது திரை வகை: உருளையான மிதவை, கீழே நெகிழ்ந்து தொங்கும் திரை, அதன் அடியில் சங்கிலி. இதிலேயே இரண்டு உண்டு, நுரை நிரப்பியது, காற்றடிப்பது. பெரிய சண்டை இந்த இரண்டுக்கும்தான். காற்றடிப்பது சுருட்டினால் சின்னதாகிவிடும், நீளமான பூம் ஒரே உருளையில் அடங்கும், நன்றாக மிதக்கும், அலையோடு அழகாக நெளியும். திறந்த கடலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு ஊதுகுழாய் இயந்திரம் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், ஒவ்வோர் அறையாக ஊதி முடிக்கிற வரை எண்ணெய் காத்திருக்க வேண்டும். எண்ணூர் மாதிரி இடத்தில் ஆளிச் சிப்பி ஒட்டிய பாறை, பழைய கம்பி, பாலத்தூண் என்று கிழிக்கிற சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. நுரை நிரப்பியது கிழிந்தாலும் மிதக்கும், லாரியிலிருந்து இழுத்துத் தண்ணீரில் விட்டால் வேலை முடிந்தது. குறை என்னவென்றால் கிடங்கில் மலைபோல் இடம் பிடிக்கும். இடமில்லாமல் வெளியே போட்டால் வெயிலில் பிவிசி துணி வெடிக்கும், உள்ளே போட்டால் எலி குடும்பம் நடத்தும். (எலி விஷயம் கற்பனையில்லை, ஒருமுறை ஒத்திகைக்குப் பிரித்தபோது ஆறேழு குட்டிகள்.) இருந்தாலும் கழிமுகத்துக்கு என் ஓட்டு நுரைக்குத்தான்.

ஆனால் இரண்டுமே தோற்கிற இடம் ஒன்று உண்டு, கரை. ஏற்றத்தில் பூமின் முனை கரையைத் தொட்டு அழகாக நிற்கும். வற்றத்தில் அதே முனை சேற்றில் கவிழ்ந்து கிடக்கும், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் திறந்திருக்கும். இதற்கென்றே மூன்று குழாய் வகை இருக்கிறது: மேல் குழாயில் காற்று, கீழே இரண்டில் தண்ணீர். தண்ணீர் இறங்கும்போது இது அப்படியே சேற்றின் மேல் அமர்ந்து அடைத்துக்கொள்ளும், ஏறும்போது மிதக்கும். விலை அதிகம், நிரப்புவதும் வேலை. ஆனால் முழு நீளத்துக்கும் வேண்டாம், இரண்டு முனையிலும் ஒரு துண்டு போதும். இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டு நடுவில் உயர்ந்த ரகம் போடுவது, கதவு இல்லாத வீட்டுக்குத் தேக்கில் ஜன்னல் வைப்பதுதான்.

உறிஞ்சும் பூம் என்று வெள்ளையாக, தலையணை உறை மாதிரி வருகிறதே, அதைத் தடுப்பு என்று வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பாலிப்ரொப்பிலீன் இழை, எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைக் குடிக்காது. கடைசியில் மினுமினுக்கிற மெல்லிய படலத்தைத் துடைக்க இது அருமை. கெட்டியான உலை எண்ணெய்க்கு உதவாது, மேலே பூசிக்கொள்ளுமே தவிர உள்ளே இறங்காது. 2017 ஜனவரி 28இல் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் கரையில் தார் மாதிரி ஒதுங்கியதே, ஆட்கள் வாளியால் அள்ளினார்களே, அந்த மாதிரிச் சரக்குக்கு இதைப் போட்டால் அள்ள வேண்டிய குப்பை இரட்டிப்பாகும்.

மொரீஷியஸ்காரர்கள் 2020இல் வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறி ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கசிந்தபோது கரும்புத் தோகையைத் துணியில் திணித்து, காலி பாட்டில்களைக் கட்டி, ஊரே சேர்ந்து பூம் தைத்தது. பாட்டில் மிதப்பதற்கு, தோகை உறிஞ்சுவதற்கு. பாறைக்கு உள்ளே காயல் அமைதியாக இருந்ததால் அது எடுபட்டது. தோகை தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்துப்போகும், இழுப்பு உள்ள ஆற்றில் நிற்காது. ஆனால் வாங்கின பூம் வந்து சேர்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

நெருப்பைத் தாங்கும் பூம் உண்டு, நடுக்கடலில் எண்ணெயைக் குவித்து அங்கேயே எரிக்க. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 411 முறை அப்படி எரித்தார்கள். குப்பத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். அடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழியால் தடுக்கும் முறையும் உண்டு, படகு தாராளமாகப் போகலாம், ஆனால் அதுவும் அமைதியான தண்ணீருக்குத்தான்.

இனி நீளம். சாய்த்துக் கட்டினால் பூமைச் செங்குத்தாக மோதுகிற வேகம் குறையும், எண்ணெய் அதன் ஓரமாகவே நழுவி, கரைப்பக்கம் நாம் வைத்திருக்கிற உறிஞ்சுகுழாய்க்கு வந்து சேரும். 1 நாட்டுக்கு 45 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக, 2 நாட்டுக்கு 20 டிகிரி. 100 மீட்டர் அகல ஆற்றுக்கு முதல் கணக்கில் கிட்டத்தட்ட 145 மீட்டர் பூம், இரண்டாவதில் 290க்கு மேல். "அகலம் 100, அதனால் 100 மீட்டர்" என்று ஆர்டர் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இழுவையும் சாதாரணமில்லை. அரை மீட்டர் திரையுள்ள 200 மீட்டர் பூமை 1 நாட் நீரோட்டம் நேராகத் தள்ளினால் சுமார் 10 டன், வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. அதைக் கரையிலுள்ள முள்மரத்தில் நைலான் கயிற்றால் கட்டினால் மரம் வரும்.

இணைப்பையும் பாருங்கள். ஓர் ஒத்திகைக்கு எண்ணெய்க்குப் பதில் நெல் உமியைக் கொட்டினோம். வேறுவேறு ஆண்டில் வாங்கிய இரண்டு பூம், ஒன்றின் முனை சொருகுகிற தட்டு, மற்றது போல்ட். சேரவில்லை. கயிற்றால் கட்டினார்கள். இடைவெளி ஒரு கை நுழையும் அளவுதான், பத்து நிமிடத்தில் பாதி மூட்டை உமி அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லாம் ஒரே ஏஎஸ்டிஎம் (தர நிர்ணய அமைப்பு) இணைப்பா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணூருக்கு நான் எழுதிக் கொடுப்பதென்றால், நுரைத் திரை பூமை இரண்டு கரையிலிருந்தும் ஒன்றையொன்று தாண்டி நிற்கிற மாதிரிச் சாய்த்துப் போடச் சொல்வேன், நடுவில் மீன்பிடிப் படகு வளைந்து போக வழி இருக்கும். வழியே இல்லாமல் அடைத்தால் தொழிலுக்குப் போகிறவர் எத்தனை நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்ப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. கரை முனைகளுக்கு அந்த மூன்று குழாய் வகையில் ஒவ்வொரு துண்டு, உறிஞ்சும் பூம் பின்வரிசையில். அதோடு இன்னொரு பூம் கால்வாய் ஆற்றில் சேருகிற குறுகிய இடத்தில், மழைக்காலம் முழுக்கக் கட்டத் தயாராக. புயல் வெள்ளம் பாயும் இரவில் இதில் எதுவும் நிற்காது, பாட்டில் 10 மீட்டரை நான்கு விநாடியில் தாண்டிவிடும். வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில்தான் இதற்கு வேலை, அன்றைக்கு பூம் லாரியில் வந்துகொண்டிருக்கக் கூடாது, கரையில் இருக்க வேண்டும்.